இம்பாசிபிள் மிஷன்: ரோபோக்களைச் சமாளிப்பது எப்படி?

கேள்வி: கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினிக்கு 1984-இல் வந்த இம்பாசிபிள் மிஷன் வீடியோ கேமை இப்போதுதான் ஆடுகிறேன். மேசையைத் துழாவி முடிப்பதற்குள் ரோபோ பின்னால் வந்து மின்சாரம் பாய்ச்சிவிடுகிறது, ஒவ்வொரு சாவுக்கும் பத்து நிமிடம் போகிறது, மொத்தமே ஆறு மணி நேரம்தானே?

பதில் 1: ஸ்நூஸ் கடவுச்சொல்லைச் சேர்த்து வையுங்கள். அறையில் உள்ள கணினியில் போட்டால் ரோபோக்கள் கொஞ்ச நேரம் அப்படியே உறைந்துவிடும். கட்டம் போட்ட இசை அறையில் சுரங்களைத் தாழ்விலிருந்து உச்சத்துக்கு வரிசையாகத் தொட்டால் அந்தக் கடவுச்சொற்கள் இன்னும் கிடைக்கும்.

பதில் 2: ஓடாதீர்கள், முதலில் நின்று பாருங்கள். ஒன்று சும்மா நிற்கும், இன்னொன்று துரத்தும். ஆனால் புது ஆட்டத்தில் எல்லாம் மாறிவிடும், மனப்பாடம் உதவாது.

பதில் 3: நாயகன் போடும் அந்தக் குட்டிக்கரணத்துக்காகவே திரும்பத் திரும்ப ஆடலாம், கேமை உருவாக்கிய டென்னிஸ் காஸ்வெல் அவ்வளவு அழகாக அசைய வைத்திருக்கிறார்!