சேஷாசலம் மலையில் சைகஸ் பெடோமி: பெரிய செடி இருக்கிறது, கன்று ஏன் இல்லை?

மலைச்சரிவு:
வனத்துறை அனுமதியோடு ஆந்திராவின் திருப்பதி, கடப்பா பகுதிச் சேஷாசலம் மலைகளில் சைகஸ் பெடோமியை (பனை போலத் தோன்றும், பூக்காத விதைச் செடி) கணக்கெடுக்க ஒரு குழு தயாராகிறது. இயற்கையில் வேறெங்கும் இல்லாத இனம். இலையை மட்டும் பார்த்து இதைச் சைகஸ் சர்சினாலிஸிலிருந்து பிரித்துவிடலாமா? செடிகளை எண்ணுவதோடு வேறு எதைக் குறிக்க வேண்டும்?

பவளவேர்:
பிரிக்கலாம். பெடோமியின் சிற்றிலை மிகக் குறுகலானது, சுமார் 3–4 மி.மீ.தான், விளிம்பு அடிப்பக்கமாக உருண்டு மடிந்திருக்கும். முழு இலை ஏறக்குறைய 1 மீட்டர். சர்சினாலிஸின் சிற்றிலை தட்டை, அகலமும் அதிகம். இலை 2 மீட்டரைத் தாண்டும். அதன் காடு மேற்குத் தொடர்ச்சி மலை என்பதால், நட்டு வளர்த்த இடங்களில்தான் குழப்பம் வரும். பச்சை இலையின் நடுப்பகுதியைப் பாருங்கள். காய்ந்த இலையில் எந்தச் சிற்றிலையும் சுருண்டு ஏமாற்றும்.

கற்சரிவு:
எண்ணிக்கை மட்டும் போதாது. 10 × 10 மீட்டர் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு செடிக்கும் தண்டின் உயரம், ஆணா பெண்ணா, கருகல் தடம், கூம்பு (ஆண் செடியின் மகரந்த உறுப்பு) வெட்டிய வடு ஆகியவற்றைக் குறியுங்கள். கூம்போ, பெண் செடியில் விதை தாங்கும் சூலக இலையோ இல்லாத செடிக்கு 'பால் தெரியவில்லை' என்றே எழுதுங்கள், ஊகம் வேண்டாம். பெண் செடியைச் சுற்றி 5 மீட்டருக்குள் புல்லை விலக்கிக் கன்று தேடுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் கணக்கெடுப்பின் உயிர்.

வறண்ட, புல் மண்டிய பாறைச் சரிவில் கோடைத் தீ ஓடும்போது, பழைய இலைக்காம்புகள் கவசமாக நிற்பதால் பெரிய தண்டு பிழைத்துத் துளிர்க்கும். தரையில் கிடக்கும் விதையும் ஒற்றை இலைக் கன்றும் பிழைக்காது. அடிக்கடி தீ வந்தால் சரிவு பசுமையாகத் தெரியும், அடுத்த தலைமுறை இருக்காது. மருந்துக்காக ஆண் கூம்பை வெட்டுவது அடுத்த அடி: மகரந்தம் போகிறது. கூம்பு தண்டின் நுனியிலேயே வருவதால், கொத்தி எடுக்கும்போது பக்கத்து மொட்டும் சிதைகிறது.

மலைச்சரிவு:
வனத்துறை நாற்றங்காலுக்கு விதை எடுத்தால்?

பவளவேர்:
அதற்குத் தனி எழுத்து அனுமதி வேண்டும். அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள இனம். எல்லா விதையையும் எடுக்காதீர்கள். மகரந்தம் படாத விதையும் பெருத்துவிடும், எனவே சிலவற்றை வெட்டி உள்ளே பாருங்கள். மிதக்கிறதா என்று பார்ப்பதை நம்பவே வேண்டாம்.

கையுறை போட்டு, 2–3 நாள் நீரில் ஊறவைத்துச் சதையை நீக்குங்கள். விதையில் சைகாசின் நஞ்சு உண்டு. விழும்போது கரு முழுதாக வளர்ந்திருக்காது. நிழலில் சில மாதம் வைத்த பிறகு, பருமணலில் படுக்கவைத்துப் பாதி மட்டும் புதையுங்கள். ஆழப் புதைத்தாலும் மணல் எப்போதும் ஈரமாக இருந்தாலும் அழுகும். முதலில் இறங்குவது ஆணிவேர். அது ஒடிந்தால் கன்று தேறுவது கடினம். 30 செ.மீ. ஆழமுள்ள பைக்கு முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

கற்சரிவு:
இன்னொன்று. செடிகள் நிற்கும் ஜி.பி.எஸ். புள்ளிகளைப் பொது அறிக்கையிலோ படங்களிலோ விடாதீர்கள். கூம்பு வெட்டுகிறவர்களுக்கு அதுவே வழிகாட்டி. வனச்சரகத்துக்கு மட்டும் கொடுங்கள்.