கியர் விழ மாட்டேன் என்கிறது: மாஸ்டர் சிலிண்டரா, கிளட்ச்சா?

மண்டபத்தில் இருக்கிறேன். 2014 மாடல் டீசல் கார், 5 கியர், ஹைட்ராலிக் கிளட்ச் (பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும், அந்த அழுத்தத்தில் ஸ்லேவ் சிலிண்டர் கிளட்ச்சை விலக்கும்). ஐப்பசி மழைக்குப் பிறகு கியர் மாற்றுவது பெரும்பாடாகிவிட்டது. இன்ஜினை அணைத்தால் எல்லா கியரும் லேசாக விழுகிறது. ஓடும்போது முதல் கியர் முரண்டு பிடிக்கிறது, ரிவர்ஸ் கரகரவென்று உரசுகிறது. பாம்பன் பாலத்தில் நெரிசலில் ஊர்ந்தால் இன்னும் மோசம். பெடலை இரண்டு மூன்று தடவை மிதித்தால் கொஞ்சம் சரியாகும்; சில நேரம் அதுவும் இல்லை.

கியர் ஆயில் மாற்றியாயிற்று. கிளட்ச் லைனில் காற்று எடுத்து, புது டாட் 4 கிளட்ச் ஆயில் ஊற்றினோம். ஸ்லேவ் சிலிண்டரும் புதுசு. வெளியே கசிவில்லை, கிளட்ச் ஆயில் மட்டமும் குறையவில்லை. மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறார். எனக்கு மாஸ்டர் சிலிண்டர் மேல்தான் சந்தேகம், ஆனால் இந்த உப்புக்காற்றில் உள்ளே கிளட்ச்சை விலக்கும் ஃபோர்க் துருப்பிடித்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

கியர்பாக்ஸை இறக்காமலே, இந்த இரண்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?