பொருள்: 'பிரிண்ட்' - அச்சுப்படமா, பதிப்போவியமா, அச்சோவியமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் பெல்லோஸ் 1917-இல் செய்த 'பைத்தியக்கார விடுதியில் நடனம்' என்ற படைப்புக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்து, முதல் வரியிலேயே சிக்கிக்கொண்டேன். ஆங்கிலத்தில் 'பிரிண்ட்' என்கிறார்கள், தமிழில் இதை என்ன வகைப் படைப்பு என்று சொல்வது? நம் குழுவில் ஒரு அம்மா 'அச்சுப்படம்' என்றார்கள், ஒரு ஐயா 'பதிப்போவியம்' என்றார். இரண்டிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

அச்சுப்படம் என்றதும் நம் மனதில் வருவது காலண்டர். 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் லட்சுமியும் சரஸ்வதியும் கல்லச்சில் வந்தவைதான். ஆனால் அவை தைல வண்ண ஓவியங்களின் நகல்கள். பெல்லோஸின் படைப்பும் கல்லச்சுதான், ஆனால் நகல் இல்லை. சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள கிரேயானால் வரைவார்கள். கல்லை நனைத்தால் கோடு இல்லாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், கோடு மட்டும் மையை வாங்கும். பிறகு தாளை வைத்து அழுத்தி எடுப்பார்கள். அந்தத் தாள்தான் மூலம்.

1907-இலேயே இதே காட்சியை அவர் வரைந்திருக்கிறாரே, அப்போது இதுவும் நகல்தானே என்று ஐயா கேட்டது நியாயமான கேள்வி. பத்து வருடம் கழித்துக் கல்லுக்காக அதை மறுபடி உருவாக்கியிருக்கிறார். அதனால் இதைத் தனிப் படைப்பாகவே கொள்ள வேண்டும்.

அந்தக் காட்சியைப் பாருங்கள். ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் அவருடைய சொந்த ஊர். அங்கிருந்த அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் குடும்பத்தோடு இளவயதில் நெருங்கிப் பழகியவர். வியாழன் இரவுகளில் அங்கே ஒரு மங்கலான கூடத்தில் நோயாளிகள் ஆடுவார்கள். படத்தின் நடுவில் ஒரு ஜோடி துள்ளி ஆடுகிறது. ஓரத்தில் ஆட்டத்தைக் கவனிக்காமல் தமக்குள் மூழ்கிய முகங்கள். ஒவ்வொன்றும் அவர் நேரில் அறிந்த ஆள். பல்லில்லாத ஈறாலேயே கொட்டை உடைப்பேன் என்று பெருமை பேசியவர்கூட அதில் இருக்கிறார். இப்படி நேரில் பார்த்து வரைந்ததை 'அச்சுப்படம்' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பதிப்போவியம் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே கல்லிலிருந்து எடுக்கும் படிகளின் தொகுதிக்குப் 'பதிப்பு' என்ற சொல் நமக்குத் தேவை. அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே தடுமாறுவோம்.

என் பரிந்துரை அச்சோவியம். சுவரோவியம் என்றால் சுவரில் மாட்டிய ஓவியம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, சுவரே ஓவியமானது என்றுதான் புரிந்துகொள்கிறோம். அதே போக்கில் இதுவும் நிற்கும். கல்லச்சோவியம், மரவச்சோவியம், செப்பச்சோவியம் என்று கிளைக்கவும் செய்யும். ரவிவர்மா வகைக்கு 'அச்சு நகல்' போதும்.

அப்புறம், படைப்பின் தலைப்பில் உள்ள 'பைத்தியக்கார விடுதி'. அதை 'மனநலக் காப்பகம்' என்று மாற்றச் சொல்லித் தனிமடல் வந்தது. அக்கறை புரிகிறது. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கியவர்கள் நாம். ஆனாலும் தலைப்பு பெல்லோஸ் வைத்தது, அந்தக் காலத்துச் சொல்லாகவே இருக்கட்டும். நம் விளக்கத்தில் மட்டும் 'மனநல மருத்துவமனை', 'நோயாளிகள்' என்றே எழுதுவோம்.

சரி, ஒன்று மட்டும் பாக்கி. பதிப்புக்கு முன் கலைஞர் சரிபார்க்க எடுக்கும் படிக்கு 'சோதனைப்படி' என்று வைத்திருக்கிறேன். அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் அதை 'புரூஃப்' என்றுதான் சொல்வார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமா?

அன்புடன்.