'ஒரே நேரத்தில்' என்பது உங்களைத் தடுமாற வைத்த தருணம் எது? பகிருங்கள்

சுண்ணக்கட்டி:
பிளஸ் டூ வகுப்பில் ஐன்ஸ்டைனின் சார்பியலில் வரும் ரயிலும் இரண்டு மின்னலும் நடத்திக்கொண்டிருந்தேன். ஓடும் ரயிலின் இரு முனைகளிலும் மின்னல் விழுகிறது. நடைமேடையில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே நேரம், ரயிலின் நடுவில் இருப்பவளுக்கு அப்படியல்ல. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "முன்பக்க ஒளி முந்தி வருகிறது, பின்பக்க ஒளி பிந்தி வருகிறது, அவ்வளவுதானே சார்? ஒளி பயணப்பட்ட நேரத்தைக் கழித்துவிட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தன என்று ரயிலில் இருப்பவளும் ஒப்புக்கொள்வாளே?" மணி அடித்தது. வேதியியல் ஆசிரியர் வாசலுக்கே வந்துவிட்டார். மறுநாள் முதல் தேர்வு விடுமுறை. அவள் நின்றுகொண்டே இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நடைமேடை:
எம்.எஸ்ஸி. வாய்மொழித் தேர்வில் என்னிடமும் இதைத்தான் கேட்டார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சாக்பீஸை நீட்டி, "கழித்துக் காட்டு" என்றார். காட்டினேன். ரயிலின் நடுவில் உட்கார்ந்திருப்பவளுக்கு இரு முனைகளும் சம தூரம். மின்னல் விட்ட கருகல் தடங்களை அளந்தே பார்த்துக்கொள்ளலாம். ஒளியின் வேகம் அவளுக்கும் நொடிக்கு 2,99,792 கி.மீ.தான். அப்படியானால் இருபுறமும் கழிக்க வேண்டியது ஒரே அளவு. வித்தியாசம் எங்கே மறையும்? முன்பக்க ஒளி அவளை முதலில் தொட்டது என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை. "அவள் அதை நோக்கிப் போனாள்" என்கிறார் நடைமேடையில் நிற்பவர். "நான் அசையவே இல்லை, முன்பக்க மின்னல்தான் முதலில் விழுந்தது" என்கிறாள் அவள். ஐன்ஸ்டைன் 1905இல் சொன்னது பார்வைக் கோளாறு அல்ல, சுண்ணக்கட்டி ஐயா. அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்துச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:
ரயிலை விடுங்கள். அரை கிலோமீட்டர் நீள ரயில் மணிக்கு 100 கி.மீ. ஓடினாலும் இரு மின்னலுக்கும் இடையே அவள் சொல்லும் நேர வேறுபாடு ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட வராது. மாடியில் உலாவிக்கொண்டிருந்த என் அண்ணன் மகன், "சித்தப்பா, ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தில் இப்போது என்ன நடக்கும்?" என்றான். தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு, அதனால் வேறுபாடும் பெருகும். பேப்பரின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். அதை நோக்கி நடக்கும்போது அவனுடைய 'இப்போது' அங்கே மூன்று நாளுக்கு மேல் எதிர்காலத்துக்குப் போகிறது. திரும்பி நடந்தால் அதே அளவு கடந்த காலத்துக்கு. அவன் உலாவுவதைச் சட்டென்று நிறுத்திவிட்டான்.

கட்டத்தாள்:
எனக்கும் கல்லூரியில் இது புரியாமல் ஒரு இரவு தூக்கம் போனது. மொட்டைமாடி சொல்வதை அப்படியே பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், மிரண்டுவிடுவார்கள். கட்டம் போட்ட தாள் வாங்குங்கள். கிடைமட்டத்தில் தூரம், செங்குத்தில் காலம். ஒளியை 45 பாகையில் வரையுங்கள். ஓடுபவருக்குக் கால அச்சு சாய்ந்தால் தூர அச்சும் அதே கோணம் ஒளிக்கோட்டை நோக்கிச் சாயும். அந்தச் சாய்ந்த கோடுதான் அவருடைய 'இப்போது'. பென்சிலில் வரையுங்கள், பேனா வேண்டாம். சமன்பாட்டைப் பிறகு எழுதலாம். இன்னொன்று: காரணமும் விளைவும் இடம் மாறாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒளியால்கூட எட்ட முடியாத அளவு விலகிய நிகழ்ச்சிகளுக்குத்தான் முன்பின் மாறும். இல்லாவிட்டால், "அப்படியென்றால் பிள்ளை அப்பாவுக்கு முன் பிறக்குமா?" என்று எவனாவது கேட்பான்.

சுண்ணக்கட்டி:
பாடம் நடத்துவது எப்படி என்று நான் கேட்கவில்லையே, நண்பரே.

நொடிமுள்:
அணுக்கடிகாரங்களோடு வேலை செய்தவன் நான். பணியில் சேர்ந்த புதிதில் மூத்த பொறியாளர் ஒரு கணக்கு கொடுத்தார். நிலநடுக்கோடு நெடுகக் கடிகாரங்களை வை. ஒவ்வொன்றையும் கிழக்கே அடுத்ததோடு ஒளிச்சைகையால் நேரம் பொருத்திக்கொண்டே போ. சுற்றி வந்து முதல் கடிகாரத்தோடு ஒப்பிடு. 207 நானோநொடி இடிக்கிறது. "எந்தக் கடிகாரம் பழுது?" என்று கேட்டேன். "ஒன்றும் பழுதில்லை, பூமி சுழல்கிறது" என்றார். அந்த 207 நானோநொடியில் ஒளி 62 மீட்டர் போய்விடும். ஜி.பி.எஸ். இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டுதான் ஓடுகிறது.

நடைமேடை:
மேற்கே சுற்றினால்?

நொடிமுள்:
அதே 207. குறி மட்டும் மாறும்.