வலம்புரி என்று வந்த சங்கு உண்மையானதா? சங்கின் ஓட்டு அமைப்பைப் பார்த்து உறுதி செய்ய உதவி வேண்டும்

காங்கயத்துக்காரி:
வணக்கமுங்க. எங்கள் அம்மிச்சிக்குப் பூசை அறையில் ஒரு வலம்புரிச் சங்கு வைக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இணையத்தில் ஒரு கடையில் வாங்கினோம். எக்ஸ்ரே படம், சான்றிதழ் எல்லாம் சேர்த்து அனுப்பினார்கள், விலையும் கொஞ்சநஞ்சமில்லை. சுருள்முனையை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் வாய் இடப்பக்கம் வருகிறது. அதனால் வலம்புரிதான் என்கிறார் கடைக்காரர்.

ஆனால் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் கார்த்திகைச் சோமவாரத்துக்கு அடுக்கி வைக்கிற சங்குகளைப் போல இது இல்லை. நீளம் 14 செ.மீ. கையில் எடுத்தால் லேசாக இருக்கிறது. வால் பக்கம் நீண்டு ஒடுங்குகிறது, தோளில் சின்னச் சின்ன முண்டுகள், வெள்ளைக்கு அடியில் அங்கங்கே பழுப்புக் கீற்று. காதில் வைத்தால் 'ஓம்' என்று கேட்கும், அதுதான் சோதனை என்கிறார்கள். கேட்கத்தான் செய்கிறது. வேறு எப்படி உறுதி செய்வது?

பெருந்துறை அண்ணன்:
காதில் கேட்பதை விட்டுவிடு தங்கச்சி. வெறும் சொம்பைக் காதில் வைத்தாலும் அந்த இரைச்சல் கேட்கும். சுற்றியிருக்கிற சத்தம் உள்ளே எதிரொலிப்பதுதான் அது. முண்டு இருக்கிறது என்றாயே, அது ஒன்றே போதும். நம் சங்குக்குத் தோளில் முண்டு கிடையாது. திருப்பி அனுப்பிவிடு.

கோவை விலங்கியல் வாத்தியார்:
முண்டை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். நம் சங்கின் அறிவியல் பெயர் டர்பினெல்லா பைரம். இதே டர்பினெல்லா பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுப்பில், கரீபியக் கடலில் வாழும் ஆங்குலாட்டா என்ற இனத்துக்குத் தோளில் நல்ல முண்டுகள் உண்டு. பேரினத்தை முடிவு செய்வது வாய்க்குள் இருக்கிறது.

பகல் வெளிச்சத்தில் சங்கின் வாயைத் திருப்பி, உள்பக்கம் நடுத்தண்டை, அதாவது ஓடு எதைச் சுற்றிச் சுருள்கிறதோ அந்தத் தண்டைப் பாருங்கள். டர்பினெல்லா என்றால் தண்டின் குறுக்கே தடித்த மடிப்புகள் மூன்றோ நான்கோ வரிசையாக நிற்கும். திருகாணியின் மரை போலத் தண்டைச் சுற்றிக்கொண்டே உள்ளே போகும், விரலை விட்டால் தடுக்கும். ஸ்வீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1767இல் நம் சங்குக்குப் பெயர் வைத்தபோது வொலூட்டா பேரினத்தில் சேர்த்தார். வொலூட்டாவுக்கும் தண்டில் மடிப்புகள் உண்டு. 1799இல் பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் லாமார்க் டர்பினெல்லா என்ற தனிப் பேரினத்தை ஏற்படுத்தினார். இப்போது டர்பினெல்லிடே என்ற குடும்பமே இதன் பெயரில்தான் இருக்கிறது.

நீங்கள் சொல்கிற அடையாளங்களைப் படித்தால் எனக்கு சினிஸ்ட்ரோஃபல்கர் என்ற வேறொரு சங்கு வகை மேல்தான் சந்தேகம். பழைய நூல்களில் பியூசிகான் என்று இருக்கும். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழ்வது. டெக்சாஸ் 1987இல் மாநிலச் சிப்பியாக அறிவித்தது இந்த வகையைத்தான். அதற்கு இயல்பே இடப்பக்க வாய். நம் கடலில் அபூர்வத்திலும் அபூர்வமாகக் கிடைப்பது அங்கே சாதாரணம். அதைத் தேய்த்து வெளுத்து, வலம்புரி என்று இங்கே விற்கிறார்கள். குடும்பமும் வேறு, பியூசிகோனிடே. அதன் தண்டு வழவழவென்று இருக்கும். வால் தொடங்குமிடத்தில் வேண்டுமானால் மெல்லிய விளிம்பு ஒன்று தெரியலாம்.

எக்ஸ்ரேயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுருள் தெரிவது எந்த நத்தை ஓட்டுக்கும் பொது. தண்டில் மடிப்புகள் தெரிகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

கரூர்த் தம்பி:
ஐயா, ஆங்கிலத்தில் தேடினால் வலம்புரியை இடக்கைச் சுருள் என்று போட்டிருக்கிறது. எது சரிங்க?

கோவை விலங்கியல் வாத்தியார்:
இரண்டும் ஒன்றுதான் தம்பி. அவர்கள் சுருள்முனையை மேலே வைத்துப் பார்க்கிறார்கள், நாம் வாலை மேலே வைத்துப் பார்க்கிறோம். வாய் எந்தப் பக்கம் என்பது இனத்தைச் சொல்லாது, அதுதான் இங்கே முக்கியம். ஒரே இனத்துக்குள் நூற்றுக்கணக்கில் ஒரு பக்கமாகச் சுருள, எப்போதோ ஒன்று மறுபக்கம் சுருளும். குளத்து நத்தை ஒன்றில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். குஞ்சு எந்தப் பக்கம் சுருளும் என்பதைத் தாயின் மரபணுதான் முடிவு செய்கிறது. ஆகவே முதலில் இனம், அப்புறம் பக்கம். விற்பவர்கள் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு இனத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. பக்தியோடு வாங்குகிறவர்களை இப்படி ஏமாற்றுவது எனக்கு ரொம்ப வருத்தம்.

சென்னிமலை நெசவாளர்:
பக்கத்தில்தான் கொடுமணல். நொய்யல் கரையில் அங்கே தோண்டியபோது மணிகளோடு சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்தன. கடலே இல்லாத இந்தச் சீமைக்கு அந்தக் காலத்திலேயே சங்கு வந்திருக்கிறது. வளையல் அறுக்கத் தடித்த சுவர் வேண்டும், நம் சங்குக்கு அது உண்டு. தங்கச்சி, உங்கள் சங்கின் வாயோரத் தடிமனைக் கோயில் சங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லேசாக இருக்கிறது என்றதுமே எனக்கு உறுத்தியது.

காங்கயத்துக்காரி:
பார்த்துவிட்டேனுங்க. தண்டில் மடிப்பே இல்லை, விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. கோயில் பூசாரி ஐயாவிடம் கேட்டு ஒரு சங்கை வாங்கிப் பார்த்தேன். அதில் மூன்று மடிப்புகள் தெளிவாகத் தட்டுப்பட்டன, வாயோரமும் நல்ல தடிமன். எக்ஸ்ரே படத்திலும் தண்டு வெறுமையாகத்தான் இருக்கிறது. கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறேன். என்ன எழுத வேண்டும்?

கோவை விலங்கியல் வாத்தியார்:
போலி என்று மொட்டையாக எழுதாதீர்கள், சான்றிதழைக் காட்டி வாதாடுவார். 'வலம்புரி என்று விற்றீர்கள், வலம்புரி என்றால் டர்பினெல்லா பைரமாக இருக்க வேண்டும், இதன் நடுத்தண்டில் மடிப்புகள் இல்லை, ஆகவே இது அந்தப் பேரினமே அல்ல' என்று எழுதுங்கள். வாய் நேராகத் தெரியும்படி ஒரு படம், தண்டு தெரியும்படி சாய்த்து ஒரு படம், கோயில் சங்கைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் சேருங்கள். சான்றிதழில் இனப்பெயர் என்ன போட்டிருக்கிறது?

காங்கயத்துக்காரி:
இனப்பெயரே இல்லைங்க. 'அசல் வலம்புரி' என்று மட்டும்தான் இருக்கிறது.

பெருந்துறை அண்ணன்:
அதையும் படம் எடுத்துச் சேர்த்துவிடு. விற்ற பக்கத்தில் என்ன எழுதியிருந்தார்கள் என்பதை இப்போதே திரைப்பிடிப்பு எடுத்து வை, நாளைக்கு மாற்றிவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. பணம் வரும்வரை சங்கைத் திருப்பி அனுப்பாதே. மறுத்தால் ஈரோட்டிலோ திருப்பூரிலோ நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது, நானே கூட வருகிறேன்.