வேலிடேஷனுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

திருப்பூரிலிருந்து:

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பேக்கிங் பிரிவுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எங்கள் அமெரிக்க வாங்குநர் சி-டிபாட் உறுப்பினர். 2001 நவம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை தொடங்கிய சரக்குப் பாதுகாப்புத் திட்டம் அது. எங்களுக்கான வேலிடேஷன் அக்டோபரில் நடந்திருக்க வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் அமெரிக்க அரசு முடங்கியதில் தள்ளிப்போய், இப்போது தேதி வந்துவிட்டது. சுவரில் ஒட்ட ஓர் அட்டை தயாரிக்கிறேன். என்ன சொல் போடலாம்? 'தணிக்கை' மட்டும் வேண்டாம். எழுதிக்கொடுத்த பாதுகாப்பு முறைகள் நடப்பில் இருக்கின்றனவா என்றுதான் பார்க்க வருகிறார்கள். தணிக்கை என்றாலே எங்கள் ஆட்கள் வாய் திறப்பதில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து:

தம்பி, 'மெய்காண் ஆய்வு' என்று போடுங்கள். 'தகுதிகாண் பருவம்' அரசாணையிலேயே இருக்கிறது; அதே அமைப்பு, வினைத்தொகை. எழுதியதன் மெய்யைக் காண்பதுதானே வேலை? கண்டெய்னர் கதவில் பூட்டும் போல்ட் சீலையும் 'பொறி' ஆக்கிவிடலாம். பட்டினப்பாலையில் புகாரின் சுங்கத்தார் பண்டங்களைப் 'புலி பொறித்துப் புறம் போக்கி' அனுப்பினார்களே! அப்புறம் சப்ளை செயினுக்கு 'விநியோகச் சங்கிலி' எதற்கு? இரண்டுமே வடமொழி. 'வழங்கல் தொடர்' போதும். தொடர் என்றால் சங்கிலிதான். புறநானூறு 74-இல் 'தொடர்ப்படு ஞமலி' என்று சங்கிலியில் கட்டிய நாய் வருகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் பொருளியல் பாடங்களில் டிமாண்ட் 'கேள்வி', சப்ளை 'நிரம்பல்'. செல்லுபடியாகும் என்பதற்குச் சட்டத்தில் 'வலிதான' என்போம். 'வலிதாக்கல்' பொருந்தாதா ஐயா?

சென்னையிலிருந்து:

தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு 'வலிதாக்கல்' என்றால் வலிதான் நினைவுக்கு வரும். 'விநியோகம்' என்றால் ரேஷன் கடை. 'பொறி' என்றால் எலிப்பொறி. அமெரிக்க அரசின் ஷட்டவுனையும் அப்படியே எழுதிவிடாதீர்கள்; நம் ஊரில் அது மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை. 'அரசு முடக்கம்' என்று பத்திரிகைகள் எழுதுவதும் எனக்கு உறுத்தல்தான். அந்த நாட்களிலும் துறைமுகங்களில் சுங்கம் இயங்கியது. இல்லாமல் போனது செலவுக்கான ஒப்புதல். வேலிடேஷனுக்கு 'நேரடிச் சரிபார்ப்பு' என் பரிந்துரை.

திருப்பூரிலிருந்து:

ஐயா சொன்ன 'மெய்காண் ஆய்வு' எனக்குப் பிடித்திருந்தது. இன்று மதியம் தாளில் எழுதி, பேக்கிங் மேசையில் இருக்கும் அக்காவிடம் காட்டினேன். "உடம்பைத் தடவிப் பார்ப்பார்களா தம்பி?" என்று கேட்டார். தினமும் வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர் அவர். அந்தக் கேள்விக்குப் பிறகு இந்தச் சொல்லை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து:

மெய் என்றால் உடம்பு மட்டுமா? சிவஞானபோதம் தந்த மெய்கண்டாரை உடம்பைக் கண்டவர் என்றா புரிந்துகொள்கிறோம்? 'பேருந்து' வந்தபோதும் யாருக்கும் புரியாது என்றார்கள். சொல்லிக் கொடுத்தால் புரியும். இன்னொன்று: உங்கள் அட்டையில் சீலுக்கான நான்கு படிகளில் 'சரிபார்' ஏற்கனவே இருக்குமே? இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லா?

திருப்பூரிலிருந்து:

உண்மைதான் ஐயா. 'பார், சரிபார், இழு, திருகு' என்று வைத்திருந்தேன். இரண்டாவதை 'எண்ணை ஒத்துப்பார்' என்று மாற்றிவிட்டேன். தாளில் உள்ள எண்ணும் சீலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பதுதானே அது. அக்கா உடனே தலையாட்டினார். சீல் சீலாகவே இருக்கட்டும். தூத்துக்குடிக்குக் கிளம்பும் கண்டெய்னர் கதவில் அதைப் பிடித்து இழுத்துப் பார்க்கிற கை, அந்தப் பெயரைத்தான் சொல்லும்.

சென்னையிலிருந்து:

அப்படியானால் 'நேரடிச் சரிபார்ப்பு'க்கு என்னோடு மூன்று பேர். யாழ்ப்பாண நண்பரும் தனி அஞ்சலில் சரி என்றுவிட்டார். ஐயா?

பாளையங்கோட்டையிலிருந்து:

அட்டைக்குச் சரி, ஒட்டுங்கள். ஆனால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றாதீர்கள். வெரிஃபிகேஷனுக்கும் சரிபார்ப்பு, வேலிடேஷனுக்கும் சரிபார்ப்பு என்றால், இரண்டும் ஒரே வரியில் வரும் நாளில் மொழிபெயர்ப்பாளர் எந்தச் சொல்லைத் தேடுவார்? அந்த இடத்தைக் காலியாக விட்டுவையுங்கள். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.