53 சதவீதமும் என் மோட்டார் ரூமும்

கிணற்றுமேடு (காங்கேயம்), இரவு 8:10
கோபிக்காரன் நேற்று இந்தக் குழுவில் இப்படி எழுதியிருக்கிறார்: "கைப்பேசியைப் பிரிந்தால் பதறுவது ஒரு நோய். நோமோபோபியா என்று பெயர். உலகில் 53 சதவீதம் பேருக்கு இருக்கிறது, நம் கொங்கு ஆட்களுக்கு இன்னும் அதிகம்." படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. அதற்கும் ஒரு நோய்ப் பெயர் வைத்துவிடாதீர்கள்.

சென்ற மாதம் என் போன் தொட்டித் தண்ணீரில் விழுந்து மூன்று நாள் ரிப்பேர்க் கடையில் கிடந்தது. மோட்டார் ஸ்டார்ட்டரில் சிம் போட்டிருக்கிறேன். மும்முனை மின்சாரம் வந்ததும் அதுவே என்னை அழைக்கும். படுத்தபடியே ஓடவிட்டுவிட்டுத் திரும்பிப் படுப்பேன். போன் இல்லாத அந்த மூன்று ராத்திரியும் தோட்டத்துச் சாளையில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு, மீட்டர் பெட்டிக்கு மேல் முனைக்கு ஒன்றாக இருக்கும் மூன்று பல்புகளையே பார்த்துக் கிடந்தேன். மூன்றும் எரிந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு நடை. பதறினேன்தான். தென்னைக்குத் தண்ணீர் பாயாதே என்று பதறினேன். இது நோயா? 53 என்று எண்ணியது யார்? எங்கே வைத்து எண்ணினார்கள்?

கோபிக்காரன், 8:31
அண்ணா, கணக்கு நான் போட்டதல்ல. 2008இல் பிரிட்டன் அஞ்சல் நிறுவனத்துக்காக யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2163 பேரிடம் கேட்டது. போன் தொலைந்தாலோ, சார்ஜ் தீர்ந்தாலோ, சிக்னல் போனாலோ பதற்றமாக இருக்கிறது என்றவர்கள் ஏறக்குறைய 53 சதவீதம். அந்தப் பெயர் பிறந்ததே அப்போதுதான். 2018இல் கேம்பிரிட்ஜ் அகராதியின் வாசகர்கள் ஆண்டின் சொல்லாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்ததும் அதைத்தான்.

கிணற்றுமேடு, 8:36
ஆக, உலகம் என்றால் பிரிட்டனில் 2163 பேர். அதுவும் 2008இல். அப்போது எங்கள் ஊரில் போன் வைத்திருந்தவர்கள் கையில் இருந்தது பொத்தான் போன். பாம்பு விளையாட்டு விளையாடுவோம், டார்ச் அடிப்போம். அதை வைத்து இன்றைக்கு என்னை நோயாளி என்கிறீர்கள். 2163 பேரில் ஒருவராவது தென்னைக்குத் தண்ணீர் கட்டியவரா?

மஞ்சள்மண்டி (ஈரோடு), 8:52
அண்ணன் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவது புதிதல்ல. மஞ்சள் விலை பற்றிய இழையில் குவிண்டாலுக்கு நூறு ரூபாய் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் இழுத்தவர்தானே. யாரும் உங்கள் மோட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை. தோட்டமோ கட்டுத்தரையோ இல்லாதவன் ஏன் பதறுகிறான், அதைச் சொல்லுங்கள்.

கிணற்றுமேடு, 8:55
அந்த இழையில் நான் சொன்ன விலைதான் சரி. இன்றுவரை நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

மஞ்சள்மண்டி, 8:57
சரியில்லை. அது விரலி மஞ்சள் விலை. பேச்சு கிழங்கு மஞ்சளைப் பற்றி.

பனியன்நகர் (திருப்பூர்), 9:20
மஞ்சளை மண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நான் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர் பார்ப்பவள். நமக்கு நடுநிசி என்றால் அமெரிக்காவில் பகல். அப்போதுதான் சரக்கு வாங்கும் பையரிடமிருந்து செய்தி வரும். ஒருநாள் போனைத் திரை மாற்றக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறேன். மடியில் கைப்பை. பை அதிர்ந்தது. திறந்தேன். டிபன் பாக்ஸும் சில்லறைப் பர்ஸும்தான் இருந்தன. அவிநாசி போய்ச் சேர்வதற்குள் மூன்று தடவை அதிர்ந்தது, மூன்று தடவையும் திறந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, ஏதாவது தொலைந்துவிட்டதா கண்ணு என்று கேட்டார். இதில் என்ன வேலை இருக்கிறது அண்ணா? இல்லாத போன் அதிர்ந்தது.

ஆனால் கோபிக்காரர் நோய் என்பதும் அவசரம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடைமுறையில் இருப்பதில், வீடியோ விளையாட்டை விடமுடியாமல் போவது இருக்கிறது. போனைப் பிரிந்த பதற்றம் இல்லை. அதற்காக யாரும் வைத்தியத்துக்குப் போவதில்லை என்றும் அர்த்தமில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போன், இணையப் பழக்கத்துக்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு நடக்கிறது.

கிணற்றுமேடு, 9:24
அம்மிணி, பட்டியலில் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி. அந்த 2163 பேரில் உங்களைக் கேட்டார்களா?

பனியன்நகர், 9:26
நான் சொன்னதில் பாதியைத்தான் படித்தீர்கள். டிபன் பாக்ஸுக்குப் பதில் சொல்லுங்கள்.

கோபிக்காரன், 9:40
2163 போதாது என்றால் அதை விடுங்கள் அண்ணா. அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2015இல் இதை அளக்க 20 கேள்விகள் தயாரித்தார்கள். அதற்குப் பதில் எழுதிப் பாருங்கள், எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

கிணற்றுமேடு, 9:43
20 கேள்வியில் மும்முனை மின்சாரத்தைப் பற்றி ஒன்று உண்டா? இல்லையல்லவா. முதலில் 53க்கு வழி சொல்லுங்கள் தம்பி. "கொங்கு ஆட்களுக்கு இன்னும் அதிகம்" என்று எழுதினீர்களே, அதை எந்தப் பல்கலைக்கழகம் எண்ணியது?

வைகாவூரான் (பழனி), 10:05
அதை எண்ணப் பல்கலைக்கழகம் எதற்கு? இங்கே வாருங்கள். 2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலுக்குள் போன் கூடாது. 5 ரூபாய் கட்டி ஒப்படைத்துவிட்டு டோக்கனுடன் போகவேண்டும். வரிசையில் நிற்பவர்களின் கையைக் கவனியுங்கள். மணிக்கு பத்துத் தடவையாவது சட்டைப்பையைத் தடவுவார்கள். போன் இல்லை என்று நினைவு வரும். உடனே டோக்கன் இருக்கிறதா என்று தடவுவார்கள். ராஜ அலங்காரத்தில் முருகன் நிற்கிறான், இவர்கள் டோக்கனைத் தடவிக்கொண்டு நிற்கிறார்கள். ஈரோடு, திருப்பூர், கோவைப் பேச்சுதான் அதில் அதிகம் காதில் விழுகிறது.

கிணற்றுமேடு, 10:09
பழனி திண்டுக்கல் மாவட்டம். கொங்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உங்களை யார் அழைத்தது?

வைகாவூரான், 10:12
திண்டுக்கல் மாவட்டம் பிறந்ததே 1985இல். அருணகிரிநாதர் எங்கள் பழனி அடிவாரத்து ஆவினன்குடியைக் கொங்கு வைகாவூர் நாட்டில் வைத்துப் பாடியிருக்கிறார். தைப்பூசத்துக்குக் காவடி தூக்கிக்கொண்டு நடந்து வரும்போது மட்டும் எங்கள் ஊர் கொங்கு, மற்ற நாளில் திண்டுக்கல்லா?

மஞ்சள்மண்டி, 10:15
நன்றாகக் கேட்டீர்கள்.

கிணற்றுமேடு, 10:16
மஞ்சள்மண்டி இதில் தலையிட வேண்டாம். விரலிக்கும் கிழங்குக்கும் விலை ஒன்று என்று எழுதியவர் நீங்கள்.

மஞ்சள்மண்டி, 10:17
நான் எழுதவே இல்லை!

பனியன்நகர், 10:30
ஒருவர் இரண்டு நிமிடத்தில் பதில் போடுகிறார், இன்னொருவர் ஒரே நிமிடத்தில். யாருக்கும் பதற்றமில்லை. டிபன் பாக்ஸுக்கு இன்னும் பதில் வரவில்லை.

கோபிக்காரன், 10:48
53 ஏறக்குறைய என்றுதான் சொன்னேன். மறுபடி படியுங்கள்.

கிணற்றுமேடு, இரவு 1:42
ஏறக்குறைய என்று இரண்டாம் பதிவில்தான் சொன்னீர்கள். முதல் பதிவில் இல்லை. எடுத்து வைத்திருக்கிறேன்.

மின்சாரம் வந்துவிட்டது, ஸ்டார்ட்டர் அழைத்தது, மோட்டார் ஓடுகிறது. வைகாவூரான், 1985க்கு முன் பழனி மதுரை மாவட்டம். மதுரை கொங்கா? சொல்லுங்கள். விழித்துத்தான் இருக்கிறேன்.